காதுக்குத் தக்கை செய்தவர்

கண்ணுங்களா,

அடுப்படியில் கரண்டி விழுந்தாலும் தெருமுனையில் இருக்கும் எனக்குக் கேட்டுவிடுகிறது என்று நீங்கள் மூவரும் என்னைக் கேலி செய்கிறீர்கள். அப்பாவுக்குப் பாம்புக் காது என்று சின்னவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். இருக்கட்டும். ஆனால் நேற்று, காது கேட்காத அந்த விறகுக்காரருக்குப் பின்னால் நின்றுகொண்டு நீங்கள் என்னென்னவோ சொல்லிச் சிரித்ததைப் பார்த்தேன். அடிக்கக் கை ஓங்கினேன். பிறகு, அடிக்க எனக்கு என்ன யோக்கியதை என்று கையை இறக்கிக்கொண்டேன். ஏன் என்று நீங்கள் கேட்டீர்கள். வாயால் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன். நான் மூன்றாம் பாரத்தோடு நின்றவன், பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

இது ஒரு மனிதரைப் பற்றியது. அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவருடைய தங்கை குடும்பம் இன்னும் ஆம்பூரில்தான் இருக்கிறது.

ஆம்பூர் தோல் மண்டியில் நான் கணக்கெழுதும் ரைட்டராகச் சேர்ந்தபோது ஜெர்மன் சண்டை முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அவர் அங்கே தோலைத் தரம் பிரிக்கிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். காய்ந்த தோலின் ஒரு மூலையைக் காதோரம் தூக்கிப் பிடித்து நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவார். சத்தம் டப்பென்று அடங்கினால் தோலைப் பதப்படுத்தும் ஆவாரம்பட்டைச் சாறு உள்வரை இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். டிக்கென்று எழும்பினால் நடுவில் இன்னும் பச்சையாக இருக்கிறது, திரும்பச் சாற்றுக் குழிக்குப் போக வேண்டும். மற்றவர்கள் கத்தியால் கீறிப் பார்த்துத் தெரிந்துகொள்வதை அவர் கீறாமலே சொல்லிவிடுவார். கீறல் படாத தோலுக்கு மவுசு ஜாஸ்தி. அதனால் முதலாளிக்கு அவர்மேல் தனி மரியாதை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காதுதான் அவருக்குச் சோறு.

யாரோடு பேசினாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், காதைத்தான் பார்ப்பார். நான் சேர்ந்த அன்றைக்கு என்னை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னா ரைட்டரே, உனக்கு சோத்தாங்கைப் பக்கத்துக் காது கொஞ்சம் குறுகலா இருக்குது. என்னுதும் அப்படித்தான்” என்றார். பைத்தியமோ என்று நினைத்தேன். மண்டியில் எழுபது பேர். பெயர் மறந்தாலும் எழுபது பேரின் காதும் அவருக்கு மனப்பாடம்.

இந்தக் காது வியாதி அவருக்கு முற்றியது ஒரு துரையால்தான். சென்னையில் இருந்து தோல் வாங்க வருகிற வெள்ளைக்கார ஏஜெண்டு ஒருவர், ஆம்பூரிலேயே பங்களா எடுத்துத் தங்கியிருந்தார். ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில், தண்ணீர் நிற்காத ஒரு பழைய ஏரிப் பள்ளத்தில், அவர் துப்பாக்கி கிளப் ஒன்று வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதாகோயிலுக்குப் போய்வந்த துரைமார்களும், ரெயில்வே இஞ்சினீயரும், பெரிய மண்டிக்காரச் சாயபுமார் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே கூடுவார்கள். இருநூறு கெஜத்துக்கு அப்பால் மரப்பலகை இலக்கு. அதைக் குப்புறப் படுத்துச் சுடுவார்கள். வேட்டை இல்லை, சும்மா பந்தயம். யார் நடுப்புள்ளிக்குக் கிட்டே சுட்டார்கள் என்று எழுதி வைக்க என்னை முதலாளி அனுப்பினார்.

ஒரு திங்கட்கிழமை அந்தத் துரை மண்டியில் நின்றுகொண்டு காதுக்குள் விரலை விட்டுக் குடைந்துகொண்டிருந்தார். காதில் வண்டு பறக்கிற மாதிரி இருக்கிறதாம். நம்மவர் கையில் இருந்த தோலைக் கீழே வைத்துவிட்டு, கேட்காமலே துரையின் காதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். மண்டியில் எல்லாரும் கைவேலையை நிறுத்திவிட்டார்கள். “தொரே, நாளைக்கு வாங்க” என்றார். மறுநாள் இரண்டு சிறு தக்கைகள் வைத்திருந்தார். ஆட்டுக்குட்டித் தோலை இலை மாதிரி சீவி, உள்ளே தேன்மெழுகு பிசைந்த பஞ்சு வைத்துத் தைத்தது. அடுத்த ஞாயிறு அதை வைத்துச் சுட்ட துரைக்கு வண்டு பறக்கவில்லை. அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் துப்பாக்கி மைதானத்தில் வேலை.

பஞ்சை மட்டும் வைத்தால் போதாதா என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“வெறும் பஞ்சு தூசைத்தான் நிறுத்தும் ரைட்டரே. வெடி அதுக்குள்ள பூந்து வந்துடும். மெழுகு சேர்ந்தாத்தான் கதவு மூடின மாதிரி.”

“அப்ப மெழுகே போதுமே, தோல் எதுக்கு?”

“மெழுகு வெயில்ல இளகி உள்ள ஒட்டிக்கும். அப்புறம் யார் நோண்டி எடுக்கிறது? நீ எடுப்பியா?”

சிரிக்காமல் சொல்வார். இப்படி அவர் கண்டுபிடித்து வைத்திருந்தது ஏராளம். வலது தோளில் துப்பாக்கி வைத்துச் சுடுகிறவனுக்கு இடது காதுதான் குழல் வாய்க்குக் கிட்டே இருக்கிறது, அதனால் இடது தக்கை ஒரு சுற்றுப் பெரிதாக வேண்டும் என்பார். காதை மேலேயும் பின்னாலேயும் இழுத்துப் பிடித்துத்தான் தக்கையை வைக்க வேண்டும், குத்தித் திணிக்கக் கூடாது. காதில் சீழ் இருக்கிறவனுக்குத் தக்கை கிடையாது, அவனைச் சுடவும் விடமாட்டார். சுடுகிறவனைவிடப் பக்கத்தில் சும்மா நிற்கிறவன் காதுக்குத்தான் சேதம் என்று வேறு சொல்வார். மைதானத்தில் ஒரு தாம்பாளத்தில் ஜோடி ஜோடியாக அடுக்கி வைத்திருப்பார். ஆள் வரிசையில் வந்து படுக்கும்போதே அவனவன் ஜோடியைக் கையில் கொடுத்துவிடுவார். சீமையில் இருந்து ஒரு துரை ரப்பர் தக்கை தருவித்துக்கொண்டு வந்தார். நம்மவர் அதை அழுத்திப் பார்த்து, “சாமான் நல்லாத்தான் இருக்குது. ஆனா எல்லாக் காதும் ஒரே அளவுன்னு நெனச்சுப் பண்ணிட்டான்” என்றார். மூன்றாம் வாரம் அந்தத் துரையும் தாம்பாளத்துக்கு வந்துவிட்டார்.

ஒரு சாயபு வீட்டுப் பிள்ளை மட்டும் தக்கை வேண்டாம் என்று முரண்டு பிடித்தான்.

“காதைப் பொத்திக்கினு சுடறது பொம்பளைங்க வேலை” என்றான்.

“சரிதான் சாயபு. நாளைக்கு நிக்கா ஆனப்புறம் பீவி கூப்பிட்டா கேக்க வேணாமா?”

“கேக்காம இருந்தாத்தான் நிம்மதின்னு எங்க மாமு சொல்றாரு.”

“அவருக்கு வயசாயிடுச்சு, சொல்லுவாரு. நீங்க முதல்ல ரெண்டு வருஷம் கேளுங்க, அப்புறம் செவிடாகலாம். நானே தக்கையைப் பிடுங்கிடறேன்.”

படுத்திருந்தவர்கள் எல்லாரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். பிள்ளை தக்கையை வாங்கிக்கொண்டான்.

“கடவுள் கண்ணுக்கு எமை வெச்சான். காதுக்கு வெக்க மறந்துட்டான். நான் வெக்கிறேன்” என்பது அவர் அடிக்கடி சொல்வது.

இனி சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். அவர் மட்டும் தக்கை வைத்துக்கொள்ள மாட்டார்.

இலக்குக்குக் கீழே ஆள் உயரத்துக்கு ஒரு குழி. அதற்குள் ஒருவர் உட்கார்ந்திருப்பார். குண்டு எங்கே பட்டது என்று நீளக் கழியில் வெள்ளைத் தட்டு தூக்கிக் காட்டுவது அவர் வேலை. நம்மவரின் தங்கை புருஷன்தான் அவர். இவரே சிபாரிசு பண்ணி வைத்த வேலை. பத்துப் பதினைந்து குண்டு ஆனதும் பலகையில் ஓட்டை அடைக்கக் காகிதம் ஒட்ட வேண்டும். அதற்குக் குழியை விட்டு மேலே ஏறி வர வேண்டும். வருமுன் குழிக்குள் தொங்கும் தண்டவாளத் துண்டை மூன்று தட்டுத் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டதும் துரைமார்கள் சுடுவதை நிறுத்த வேண்டும்.

முன்பு வெறும் பஞ்சு வைத்துச் சுட்ட காலத்தில் அவர்களுக்கே அது கேட்டது. நம்மவர் தக்கை வந்த பிறகு ஒருவருக்கும் கேட்கவில்லை. அவ்வளவு நன்றாகச் செய்துவிட்டார். அதனால் துரை ஒரு சட்டம் போட்டார். வரிசையில் ஒரு ஆளுக்காவது காது திறந்திருக்க வேண்டும், தண்டவாளம் கேட்டதும் அவன் நீளக் கழியில் கட்டிய பச்சைத் துணியை எல்லார் கண்ணுக்கும் முன்னால் வீச வேண்டும். யார் அந்த ஆள்? தோலைச் சுண்டிப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்கிறவரை விட நல்ல காது யாருக்கு?

பத்துத் துப்பாக்கிகளுக்கு ஒரு அடி பின்னால், இரண்டு காதும் திறந்து, ஞாயிறு தவறாமல் நின்றார்.

தனக்கென்றும் ஒரு ஜோடி செய்து வைத்திருந்தார், எல்லாவற்றையும்விட நல்ல தோலில். அதை மடியில் முடிந்து வைத்திருப்பார். ஒருநாள் என் மேஜைக்கு வந்து அதைப் பிரித்து, என் காதை இழுத்து, இரண்டையும் வைத்துவிட்டார்.

“அண்ணா, இது உங்களுது ஆச்சே.”

“உன் காதும் என் காதும் ஒரே அளவு. எழுதறவனுக்குக் கண்ணு போதும். வெச்சிக்கோ.”

வைத்துக்கொண்டேன். மறுக்கவில்லை.

இரண்டாம் வருஷம் வெயிலுக்கு வரிசைக்கு மேல் கூரை போட்டார்கள். நம்மவர் துரையிடம் போய் ஓலை போடச் சொன்னார். தகரம் போட்டால் வெடிச் சத்தம் மேலே போகாமல் திரும்பி மண்டையில் இறங்கும் என்றார். துரை கெட்டவர் இல்லை. சிரித்துக்கொண்டே, “உன் தக்கை இருக்கு, எங்களுக்கு என்ன பயம்?” என்றார். தகரம் வந்தது.

“ஒரு வெடி மூணு வெடியா ஆயிடுச்சு ரைட்டரே” என்று அந்த வாரம் சொன்னார்.

ஆறேழு மாதம் போயிருக்கும். மண்டியில் அவர் ஒரு தோலைச் சுண்டிக் காதோரம் வைத்தார். திரும்பச் சுண்டினார். மூன்றாம் முறை சுண்டினார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, இடுப்பில் இருந்து சின்னக் கத்தியை எடுத்து மூலையில் ஒரு கீறல் போட்டுப் பார்த்தார். நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்தார்.

மாலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மேல் சத்தம் போய்டுச்சு. டிக்குன்னு வர்றது எதுவும் வர்றதில்ல. குருவி கத்தறது இல்ல. அந்தத் தண்டவாளமும் வர்றதில்ல.”

“போன வாரம் துணி வீசினீங்களே?”

“தட்டு கீழே எறங்கி ரொம்ப நேரம் மேல வராட்டா வீசிடறேன். குத்துமதிப்புதான்.”

“தொரைகிட்ட சொல்லிடலாம் அண்ணா.”

“சொன்னா முதலாளி காதுக்கும் போகும். காது போன ஆளுக்குத் தரம் பிரிக்கிற வேலையா? தோல் ஊறுற சுண்ணாம்புக் குழியில கால் அரிக்க எறக்கிடுவாங்க. ஊட்ல நாலு வாய் இருக்குது.” கொஞ்ச நேரம் என் வலது காதையே பார்த்தார். “ரைட்டரே, நீ சோத்தாங்கைப் பக்கத்துத் தக்கையை மட்டும் எடுத்துடு. தண்டவாளம் கேட்டா பென்சிலைத் தூக்கு. நான் உன் பென்சிலைப் பார்த்துக்கினு நிக்கிறேன்.”

சரி என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான்கு மாதம் அப்படி நடந்தது. என் மேஜை வரிசைக்கு ஐந்தாறு அடி பின்னால், அதே தகரத்துக்குக் கீழே. தண்டவாளம் கேட்கும், பென்சில் எழும்பும், பச்சைத் துணி பறக்கும், துப்பாக்கிகள் தணியும். ஒருவருக்கும் தெரியாது. “இவன் காது மாதிரி ஜில்லாவிலேயே கிடையாது” என்று துரை விருந்தாளிகளிடம் சொல்வார். நம்மவர் குனிந்து சலாம் வைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் என் பென்சிலைப் பார்ப்பார்.

பிறகு எனக்கும் அந்த வண்டு வந்தது. முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பறந்தது. அப்புறம் புதன்கிழமை வரை பறந்தது. அப்போது உங்கள் அக்கா உங்கள் அம்மா வயிற்றில் ஏழு மாதம். பிறக்கிற குழந்தை அழுவது எனக்குக் கேட்காமல் போய்விடுமோ என்று நினைக்க ஆரம்பித்தேன். நினைத்தால் விடாது. ஒரே ஒரு வாரம் வலது காதுக்கும் ஓய்வு கொடுப்போம், பென்சிலைத் தூக்கக் காது எதற்கு, குழியையே கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் ஆயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்று காலை அவர் தாம்பாளத்தோடு ஓடிக்கொண்டிருந்தார். சென்னையில் இருந்து நாலு விருந்தாளிகள், நாலு பேருக்கும் புதுத் தக்கை அளவு பார்க்க வேண்டும். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று வலது தக்கையை எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் தைத்தது. அழகாகப் பொருந்தியது. உலகமே அடங்கிப்போன மாதிரி இருந்தது. நான்கு மாதத்துக்குப் பிறகு கிடைத்த அந்த அமைதி எனக்குச் சுகமாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

குழியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விருந்தாளி ஒருவர் தன் புள்ளியைக் கேட்டார். காகிதத்தைப் பார்த்துக் கூட்டினேன். அவ்வளவு நேரம்தான். நிமிர்ந்தபோது குழிக்கு மேலே மச்சான்காரர் பாதி உடம்பு தெரிய நின்றிருந்தார். பென்சிலைத் தூக்கினேன். நம்மவர் துணியை வீசினார். அதற்குள் ஒரு துப்பாக்கி வெடித்துவிட்டது.

உயிர் போகவில்லை. வலது கை மணிக்கட்டுக்குக் கீழே சிதறிவிட்டது. வேலூருக்கு வண்டி கட்டிக் கொண்டுபோனார்கள். கையை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் பங்களாவில் விசாரணை. முதலாளியும் வந்திருந்தார். துரை, மச்சான் தண்டவாளத்தைத் தட்டினாரா என்று வரிசையில் இருந்தவர்களைக் கேட்டார். எல்லாருக்கும் காதில் தக்கை, ஒருவருக்கும் தெரியவில்லை. என்னைக் கேட்டார். நான் எழுதிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை என்றேன். அது பொய்யில்லை. அவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் சொன்னேன்.

நம்மவரைக் கேட்டார். உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டார். அதற்குள் அந்த வித்தையும் பழகியிருந்தார்.

“தட்டாம மேல ஏற மாட்டாங்க தொரே. எனக்குக் கேக்கல. காது போயி ரொம்ப நாள் ஆவுது. மறைச்சிட்டேன். என் தப்புதான்.”

“ரொம்ப நாளா? அப்படியானால் இத்தனை நாள் எப்படித் துணி வீசினாய்?”

அவர் என்னைப் பார்த்தார். முகத்தை அல்ல, என் வலது காதை. முந்தின நாள் என் பென்சில் ஏன் நேரத்துக்கு எழும்பவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அந்தக் கணமே எனக்குப் புரிந்தது.

“குத்துமதிப்பா வீசினேன் தொரே” என்றார்.

இப்போதாவது பேசு என்று உள்ளே ஏதோ சொன்னது. நான் கையில் இருந்த தொப்பியைத் திருப்பிக்கொண்டு நின்றேன். பேசியிருந்தால் என் வேலையும் போயிருக்கும். அவர் வேலை எப்படியும் போகத்தான் போகிறது, இரண்டு வீடும் கெடுவானேன் என்று கணக்குப் போட்டேன். இன்று வரை அந்தக் கணக்கு எனக்குச் சரியாக வரவில்லை.

கிளப்பில் இருந்து அன்றே நிறுத்தினார்கள். முதலாளி அவரைச் சுண்ணாம்புக் குழிக்கு மாற்றினார். அவர் பயந்த மாதிரியேதான். தங்கை அவரோடு பேச்சை விட்டுவிட்டாள். செவிட்டுத்தனத்தை மறைத்து என் புருஷன் கையை வாங்கிட்டான் என்று குழாயடியில் எல்லார் முன்னாலும் மண்ணை வாரித் தூற்றினாள். அவளுக்கும் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. மழைக்காலம் வருவதற்குள் ஊரைவிட்டே போய்விட்டார்.

அடுத்த வாரமே குழிமேட்டில் சிவப்புக் கொடி நட்டார்கள். கொடி மேலே இருந்தால் சுடக் கூடாது, இறங்கினால் சுடலாம். அதற்குக் காதே தேவையில்லை. ஒரு முழம் சிவப்புத் துணி. அது முன்பே ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்துத்தான். நல்ல காது ஒன்று சும்மா கிடைத்ததால் யாரும் யோசிக்கவில்லை.

உங்கள் அக்கா பிறந்தாள். அவள் அழுத முதல் அழுகை இரண்டு காதிலும் தெளிவாகக் கேட்டது.

அதற்கு ஏழு வருஷம் கழித்து அவரைப் பார்த்தேன். வேலூர் லாங் பஜாரில் பகல் வேளை. ஆவாரம்பட்டை மூட்டை ஏற்றிய கைவண்டியை இழுத்துக்கொண்டு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். பின்னால் மாட்டு வண்டிக்காரன் ஒருவன், “யோவ் செவிடா, ஒத்திப் போயேன்யா” என்று கத்திக்கொண்டே வந்தான். அவர் திரும்பவில்லை. முதுகைப் பார்த்தே எனக்கு அடையாளம் தெரிந்தது.

வேகமாக நடந்து அவருக்கு இரண்டடி பின்னால் வந்தேன். அங்கிருந்து சொன்னேன். “அண்ணா, அன்னிக்கு நான் ரெண்டு காதுலயும் தக்கை வெச்சிருந்தேன். நீங்க குடுத்த தக்கை. தொரை கேட்டப்ப வாயத் தொறக்கல. உங்க தங்கச்சிகிட்டயும் சொல்லல. என்னை மன்னிச்சிடுங்க.” நன்றாகச் சத்தமாகவே சொன்னேன். கடை வாசலில் நின்றிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் வண்டியை இழுத்துக்கொண்டு போனார்.

கண்ணுங்களா, இன்னும் நாலு எட்டு வைத்து அவருக்கு முன்னால் போய் நின்றிருந்தால் போதும். என் உதட்டைப் பார்த்து எல்லாம் புரிந்துகொண்டிருப்பார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பின்னால் நின்று சொன்னேன்.